குடலைக் குடல் நூலால் தைக்கச் சொன்ன அல் ஸஹ்ராவி

சிசேரியனில் பிள்ளை பெற்ற பெண்கள் நம் குடும்பங்களில் ஏராளம். அடுத்த ஆபரேஷனின்போது, உள்ளே எல்லாம் ஒட்டிப் போயிருக்கிறது என்று டாக்டர் சொல்லக் கேட்டிருப்போம். வயிற்றுக்குள் கத்தி பட்ட இடத்தில் குடலும் கர்ப்பப்பையும் தழும்பு இழைகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே அது. இதைத் தடுக்க மெல்லிய படலம் ஒன்றை இடையில் வைத்துத் தைப்பதும் உண்டு. சில நாட்களில் அது தானே கரைந்துவிடும்.

உள்ளே வைத்த பொருள் தன் வேலை முடிந்ததும் மறைந்துவிட வேண்டும். இந்த எண்ணத்தின் வேரைத் தேடினால் குர்துபா நகரில் போய் நிற்போம்.

அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அல் ஸஹ்ராவி, ஸ்பெயினில் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936 வாக்கில் பிறந்தார். அன்சாரிகளின் வழிவந்தவர். அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி வரலாற்றில் பதிவானது மிகக் குறைவு. நாம் அவரை அறிவது 'அத்தஸ்ரீஃப்' என்ற நூலால்தான். 30 பாகங்கள் கொண்ட இந்நூலை கி.பி. 1000 வாக்கில் முடித்தார். கடைசிப் பாகம் முழுக்க அறுவை சிகிச்சை. சுமார் 200 கருவிகளைப் படம் வரைந்தே விளக்கியிருக்கிறார்.

கழுத்தைக் கத்தியால் அறுத்துக்கொண்ட ஓர் அடிமைப் பெண்ணின் கதை அதில் வருகிறது. மூச்சுக்குழாய் அறுபட்டிருந்தது, பெரிய ரத்தக் குழாய்கள் தப்பியிருந்தன. அவர் காயத்தைத் தைத்தார். குரல் கொஞ்சம் கரகரத்ததைத் தவிர அவளுக்கு வேறு குறையில்லை.

கிழிந்த குடலுக்கு அவர் சொன்ன வழிகள் இரண்டு. ஒன்று, அனுபவசாலிகள் சொல்லக் கேட்டது: காயத்தின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, பெரிய தலை எறும்புகளைக் கடிக்கவிட்டு உடலை மட்டும் வெட்டிவிடுவது. மற்றது, பிராணிகளின் குடலிலிருந்து உரித்தெடுத்த மெல்லிய நூலால் தைப்பது. குடல் நூலையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் வருவது சரியல்ல. அவருக்கு முன்பே கேலன் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். கிழிந்த குடலைத் தைக்க அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதி வைத்ததே அல் ஸஹ்ராவியின் சிறப்பு.

குடல் நூல் புரதத்தால் ஆனது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு, அந்த இடத்தைச் சற்று வீங்கவைத்து, நொதிகளால் அரித்துக் கரைக்கிறது. இந்த வீக்கமே ஒரு குறையும் ஆனது. வயிற்றுக்குள் புண்பட்ட இடத்தில் ஃபைப்ரின் என்ற பசை படியும். அது சில நாட்களில் கரைந்தால் நல்லது. வீக்கம் நீடித்து, கரையாமல் போனால் தழும்பாக இறுகி ஒட்டிக்கொள்ளும். கையுறையில் தடவும் பவுடர்கூட இதை அதிகமாக்கும் என்று பின்னாளில் தெரிந்தது. எனவேதான் இன்றைய படலங்களைச் செல்லுலோஸ், ஹயலுரோனிக் அமிலம் போன்ற, உடலை அதிகம் சீண்டாத பொருட்களால் செய்கிறார்கள். வயிற்றின் உட்சவ்வு புதிதாக மூட ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அதுவரை இரண்டு புண்பரப்புகளும் தொடாமல் இருந்தால் சரி.

அல் ஸஹ்ராவி கி.பி. 1013 வாக்கில் காலமானார். அதற்குள் உள்நாட்டுப் போரில் அவர் பிறந்த நகரம் சூறையாடப்பட்டிருந்தது. நூல் தப்பியது. 12-ஆம் நூற்றாண்டில் கிரெமோனா ஜெரார்டு அதன் அறுவை சிகிச்சைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதை வைத்துப் படித்தார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இன்றும் புழங்கும் 'கேட்கட்' தையல் நூல், ஆட்டுக் குடலிலோ மாட்டுக் குடலிலோ செய்ததுதான்.