வைத்திய அறிஞர் பிர்க்கே

உடலைக் காக்க எழும் பொருளே உடலைக் கெடுக்கவுங் கூடும் என்னும் உண்மையை உலகிற்குத் தெளிவுறுத்தியவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்பார். இவர் 1874-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், வியன்னா நகரை அடுத்த ஹிர்ஷ்டெட்டனில், பிரபு குடும்பமொன்றிற் பிறந்தார். இன்ஸ்புரூக்கில் வேதசாஸ்திரமும், லூவெனில் தத்துவ சாஸ்திரமும் பயின்ற பின்னர், இவருள்ளம் வைத்தியத்தை நாடிற்று. 1900-ல் கிராட்ஸ் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்று, வியன்னாவில் எஷெரிக் என்னும் பேராசிரியரின்கீழ்க் குழந்தை வைத்தியத்தில் அமர்ந்தார்.

அந்நாளில் டிப்தீரியா நோயால் மூச்சடைத்து மாளவிருந்த குழந்தைகளுக்குக் குதிரையின் ஊனீரை ஊசிவழியே செலுத்திப் பிழைப்பித்து வந்தனர். ஆயினும், பிழைத்தவருட் சிலர்க்கு எட்டு முதல் பன்னிரண்டு நாட் கழிந்தபின் ஜுரமும், தடிப்பும், மூட்டுவலியும், வீக்கமுங் கண்டன. சிலரது சிறுநீரிற் புரதமுந் தோன்றிற்று. ஊசியிட்ட அன்றே காணாத நோய் இத்தனை நாள் எங்கே மறைந்திருந்தது? பிர்க்கேயும், அவர் தோழர் பேலா ஷிக்கும் நோயாளிதோறும் நாள்களைக் கணக்கிட்டு நோக்கினர். மறுமுறை ஊனீர் பெற்ற குழந்தைகளுக்கு நோய் விரைந்து வருதலைக் கண்டனர். அயற்பொருளை எதிர்க்கும் எதிர்ப்பொருளை உடல் ஆக்குதற்கு வேண்டுங் காலமே அவ்விடைவெளி என்றும், இரண்டுங் கூடும்போதே நோய் பிறக்கின்றது என்றுந் துணிந்தனர். எதிர்ப்பொருள் காப்பதற்கே உரியதென்று அறிஞர் நம்பியிருந்த காலத்தில், இதனைக் கூற நெஞ்சுரம் வேண்டும். 1905-ல் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் பிர்க்கே ‘அலர்ஜி’ என்னுஞ் சொல்லைப் படைத்தார்.

செங்காய்ச்சல் தணிந்து இரண்டு மூன்று வாரங்கட்குப் பின் சிறுநீரகம் பழுதுறுதலும் இத்தகையதே என்பதை அவ்விருவரும் உணர்ந்தனர். பிற்காலத்தார் முயல்களிடத்துச் செய்த சோதனைகள் இவ்வழியை விளக்கின. அயற்பொருளும் எதிர்ப்பொருளும் பிணைந்த திரள்கள், குருதியை வடிகட்டும் நுண்ணிய தந்துகி முடிச்சுகளிற் சிக்கி அழற்சியை விளைக்கின்றன. 1968-ல் பாரிஸில் விளக்கப்பட்ட ஐஜிஏ சிறுநீரக நோயிலோ, எதிர்ப்பொருளே குறையுடையது. அதன் ஒரு பகுதியிற் காலாக்டோஸ் என்னுஞ் சர்க்கரை குறைதலால், உடல் அதனையே அயலென்று கருதி, அதற்கெதிராக வேறோர் எதிர்ப்பொருளை ஆக்குகின்றது. அத்திரளும் அம்முடிச்சுகளிலேயே தங்குகின்றது. காவலனைக் கள்வனென்று மயங்கிய ஊரார் செயல் போன்றது இது.

பிர்க்கே 1907-ல் காசநோயை அறிதற்குரிய தோற்சோதனையைக் கண்டார். பின்னர் பால்டிமோரிலும் பிரெஸ்லாவிலும் பேராசிரியராயிருந்து, 1911-ல் வியன்னாவின் குழந்தை வைத்தியசாலைக்குத் தலைவராய் மீண்டார். முதல் உலக யுத்தத்தின் பின் பசியால் வாடிய ஆஸ்திரியக் குழந்தைகளுக்கு உணவளிக்கும் பெருந்தொண்டை நடத்தினார். இத்தனை உயிர்களைப் பேணியவர், 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், மனைவியாருடன் தம்முயிரைத் தாமே முடித்துக்கொண்டமை நெஞ்சை உருக்குவதாகும்.

மாணவ நண்பர்களே, பிர்க்கேயின் முதற் கருவி விலையுயர்ந்த யந்திரமன்று. நாள்களை எண்ணிய பொறுமையே. பலருங் கண்டு கடந்ததனை அவர் நின்று நோக்கினார். அந்நோக்கே இன்றும் சிறுநீரக வைத்தியர்க்கு வழிகாட்டி நிற்கின்றது.