மஸ்கட்டின் கடலரசர் சயித் பின் சுல்தான்

வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம்மவர் பலர் மஸ்கட் துறைமுகத்தைக் கண்டிருப்பர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆசிய ஆட்சியாளர் ஒருவரின் வலிமைமிக்க கடற்படை அங்கேதான் நங்கூரமிட்டிருந்தது. அதனைக் கட்டியெழுப்பியவர் ஓமானின் சயித் பின் சுல்தான்.

1791இல் பிறந்த அவர், 1804இல் தந்தையாரை வளைகுடாக் கடற்சமரொன்றில் இழந்தார். 1806இல் ஆட்சியைப் பற்றியிருந்த உறவினர் பதர் பின் சைபைக் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றினார். இன்றைய ராஸ் அல் கைமாவைத் தளமாகக் கொண்ட காசிமிகள் அவரது கடற்போட்டியாளர்கள். 1819இல் பிரித்தானியர் அத்துறைமுகத்தைத் தாக்கி அழித்தபோது, சயித் பிரித்தானியர் பக்கமே நின்றார். 1828இல் பஹ்ரெயினைப் பிடிக்க முயன்று தோற்றார். மொம்பாசாவோ பல முயற்சிகளின் பின் 1837இல் அவர் வசமாயிற்று.

அவரது பெருங்கப்பல்கள் பம்பாயில், மலபார்த் தேக்கினால் கட்டப்பட்டவை. 1826இல் நீரிறக்கப்பட்ட 'லிவர்பூல்' 74 பீரங்கிகள் தாங்கியது. அதனை 1836இல் பிரித்தானிய அரசர் நான்காம் வில்லியத்துக்கு அன்பளிப்பாக அளித்தார். பலம் பொருந்திய நண்பனைத் தக்கவைக்கச் சிறிய அரசு செலுத்திய விலை அது என்றே நாம் கருதுகிறோம்.

சமாதான காலத்தில் போர்க்கப்பல்களே வணிகக் கப்பல்களாயின. அமெரிக்காவுடன் 1833இல் உடன்படிக்கை செய்தார். 1840இல் அவரது 'சுல்தானா' பேரீச்சம்பழமும் கோப்பியும் கராம்பும் யானைத்தந்தமும் ஏற்றி நியூயோர்க் சென்றடைந்தது. பழுதுற்றிருந்த கப்பலை அமெரிக்கக் கடற்படைத் தளத்திலேயே திருத்தி அனுப்பினர்.

இப்பெருமையின் மறுபக்கத்தை மறைத்தல் முறையன்று. தலைநகரைச் சன்சிபாருக்கு மாற்றிய சயித், அங்கு கராம்புத் தோட்டங்களைப் பெருக்கினார். அவற்றில் உழைத்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். அடிமை வணிகத்தைக் கட்டுப்படுத்தப் பிரித்தானியருடன் 1822இலும் 1845இலும் ஒப்பந்தங்கள் செய்தார்; வணிகம் ஓயவில்லை.

1856 ஒக்டோபரில் மஸ்கட்டிலிருந்து சன்சிபார் திரும்புகையில், தமது 'விக்டோரியா' கப்பலிலேயே காலமானார். தந்தையைப் போலவே மகனுக்கும் கடலிலேதான் முடிவு. மைந்தர்கள் பிணங்கினர். 1861இல் பிரித்தானிய இந்தியாவின் ஆளுநர் நாயகம் கானிங், மஸ்கட்டையும் சன்சிபாரையும் இரு நாடுகளாகப் பிரித்துத் தீர்ப்பளித்தார். கப்பல்கள் இணைத்து வைத்திருந்ததை ஒரு கடதாசி பிரித்தது.

1964 சனவரிப் புரட்சியில் சன்சிபாரின் கடைசி சுல்தான் கப்பலேறித் தப்பினார். ஆயிரக்கணக்கான அரபு மக்கள் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் பலர் அகதிகளாயினர். அவர்களுள் ஒரு பகுதியினர் பின்னர் ஓமானிலும் அமீரகத்திலும் குடியேறினர். மஸ்கட்டின் சில வீடுகளில் சுவாகிலி மொழி இன்றும் பேசப்படுகிறது. சயித்தின் பீரங்கிகள் எவையும் காக்கவியலாத அம்மக்கள், தாம் கொண்டுவந்த மொழியைக் காத்துள்ளனர். ஊரிழந்த நாம் இவ்வரலாற்றில் கவனிக்கவேண்டியது அதனையே.