பசிக்கு ஏது மதம்? – வள்ளலார் காட்டிய வழி

தைப்பூசம் என்றாலே நமக்குப் பத்துமலையும் பினாங்குத் தண்ணீர்மலையும் சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயிலும்தான் நினைவுக்கு வரும். காவடி, பால்குடம், தண்ணீர்ப்பந்தல், கூட்டம். அதே நாளில் தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தில் இருக்கும் வடலூரிலும் பெரும் கூட்டம் கூடுகிறது. அங்கே மக்கள் பார்க்கப் போவது ஒரு சிலையை அல்ல. ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலக, உள்ளே தெரியும் ஓர் ஒளியைத்தான் தரிசிக்கிறார்கள்.

அந்தச் சபைக்குப் பக்கத்திலேயே ஓர் அடுப்பு எரிகிறது. 1867-இல் மூட்டிய அடுப்பு. இன்றுவரை அதை அணைய விடாமல் காத்து வருகிறார்கள். பசியோடு யார் வந்தாலும் அங்கே சோறு உண்டு.

இந்த இரண்டையும் ஏற்படுத்தியவர் இராமலிங்க அடிகள். வள்ளலார் என்று நாம் அழைக்கும் மகான். வெள்ளைத் துணியால் தலையையும் உடம்பையும் போர்த்திய அவர் படத்தை அன்னதானப் பதாகைகளில் நாம் எல்லாரும் பார்த்திருப்போம். ஆனால் படத்தைத் தாண்டி அவர் வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் நம்மில் குறைவு. பல மதத்தவர் பக்கம் பக்கமாக வாழும் நாட்டில் வளரும் இளைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

முருகன் அடியாராக ஒரு சிறுவன்

1823 அக்டோபர் 5-ஆம் நாள், சிதம்பரத்துக்கு அருகே மருதூர் என்ற சிற்றூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார் இராமலிங்கம். குழந்தை பிறந்து சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் இருந்த தன் ஊருக்குப் போய், பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்தார். மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது.

தம்பியைப் படிக்க வைக்க அண்ணன் எவ்வளவோ முயன்றார். தம்பிக்கோ பள்ளிப் பாடத்தில் மனம் ஒட்டவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கதி என்று கிடந்தார். அங்கே பாடியதுதான் தெய்வமணிமாலை. பிறகு திருவொற்றியூர் சிவன் கோயிலுக்கு அடிக்கடி நடந்தே போய் வந்தார். ஒருநாள் அண்ணனுக்கு உடல்நலம் சரியில்லாமல் போக, அவருக்குப் பதிலாகப் பெரியபுராணச் சொற்பொழிவுக்குப் போன சின்னப்பையன், கேட்டவர்களை அசர வைத்துவிட்டுத் திரும்பினார் என்று அவர் வரலாறு சொல்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எல்லா மதத்தையும் சமமாகப் பார்க்கச் சொன்ன இந்த மகான், தன் சொந்த வழிபாட்டில் அரைகுறையாக நின்றவர் இல்லை. முருகனையும் சிவனையும் உருகி உருகிப் பாடியவர். தன் வீட்டில் ஆழமாக வேர் விட்ட மரம்தான் பக்கத்து வீட்டுக்கும் நிழல் தந்தது.

பசியைப் பார்த்த கண்கள்

1858 வாக்கில் சென்னையை விட்டுப் புறப்பட்ட அடிகளார், தலங்களைத் தரிசித்துக்கொண்டே தெற்கே வந்து, வடலூருக்கு அருகில் உள்ள கருங்குழியில் தங்கினார். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அங்கேதான் வாழ்ந்தார்.

அந்தக் காலம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்க. நாடு ஆங்கிலேயர் கையில். மழை பொய்த்தால் பஞ்சம், பஞ்சம் வந்தால் கொள்ளைநோய். இன்னொரு பக்கம் ஓயாத மதச் சண்டை. சைவருக்கும் வைணவருக்கும் வாதம், இந்துக்களுக்கும் கிறிஸ்தவப் பாதிரிமாருக்கும் வாதம், சாதிக்குள் சாதி. ஒருவரை ஒருவர் மறுத்து நூல்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. யார் கடவுள் பெரியவர் என்று படித்தவர்கள் மோதிக்கொண்டிருந்த அதே ஊர்களில், ஏழைகள் பசியில் சுருண்டு கிடந்தார்கள்.

வள்ளலார் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சுருண்டு கிடந்தவர்கள்தான். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற தன் உரைநடை நூலில், பசி வந்தால் உடம்பும் மனசும் என்ன பாடுபடும் என்பதை ஒரு மருத்துவர் குறிப்பெழுதுவது போல அடுக்கடுக்காக எழுதியிருக்கிறார். அறிவு மங்குவது, பார்வை குறைவது, கைகால் தளர்வது, நம்பிக்கையே போய்விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார். அரசனுக்கு வந்தாலும் ஆண்டிக்கு வந்தாலும் பசி ஒன்றுதான் என்பதையும் அதில் காட்டுகிறார்.

இதுதான் அவர் கண்டுபிடித்த பொது இடம். கடவுளின் பெயரில் நாம் ஒத்துப்போகாமல் இருக்கலாம், வழிபடும் முறையில் ஒத்துப்போகாமல் இருக்கலாம். வயிறு காய்ந்தால் வலிக்கும் என்பதில் எந்த மதத்துக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

யாரென்று கேட்காத அடுப்பு

1865-இல் அடிகளார் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று அதற்குப் பெயர் மாறியது. சாதி, சமயம், மதம் எதுவும் அதில் சேரத் தடையில்லை.

அடுத்து அவர் கட்டியது கோயில் இல்லை. சோறு போடும் சாலை! பார்வதிபுரம் மக்கள் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்கும் மேல். அந்த நிலத்தில் 1867 மே 23-ஆம் நாள் தருமசாலையைத் திறந்து, நீண்ட அடுப்பை மூட்டினார். ஒளியை வணங்கும் சத்திய ஞான சபை எழுந்து, முதல் வழிபாடு நடந்தது 1872 சனவரி 25, தைப்பூசத்தன்று. முதலில் அடுப்பு, கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு கழித்துத்தான் சபை. இந்த வரிசையே ஒரு பாடம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வள்ளலார் கொல்லாமையில் ரொம்பக் கண்டிப்பானவர். புலால் உண்பதை விட்டவர்கள் மட்டுமே சத்திய ஞான சபைக்குள் நுழையலாம் என்பது அவர் வைத்த விதி. சாதியும் மதமும் பார்க்காத அவர், இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை.

ஆனால் பக்கத்தில் இருந்த தருமசாலைக்கு அந்த விதியை அவர் வைக்கவில்லை. பசித்து வருகிறவர் எந்த ஊர், எந்தச் சமயம், எந்தச் சாதி, என்ன பழக்கம் என்று ஆராயாமல் முதலில் சோறு போட வேண்டும் என்பதே அங்கே ஏற்பாடு. புலால் உண்பவராக இருந்தாலும் பசி தீர்க்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் இன்று நாம் பேசும் மத நல்லிணக்கத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. தன் கொள்கையை நீர்த்துப்போக விடாமலேயே, அந்தக் கொள்கையை ஏற்காதவரையும் பந்தியில் உட்கார வைத்தார் அவர். நீ என்னைப் போல மாறினால்தான் என் அன்பு உனக்கு என்று அவர் நிபந்தனை போடவில்லை.

எதிர்ப்பும் ஒளியும்

அவர் பாதை சுலபமாக இருக்கவில்லை. அவர் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் 1867-இல் அச்சானதும் எதிர்ப்பு கிளம்பியது. யாழ்ப்பாணத்துச் சைவப் பேரறிஞர் ஆறுமுக நாவலர் அதைக் கடுமையாக மறுத்தார். இரு தரப்பிலும் கண்டன நூல்கள் வந்தன, விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இருவருமே தமிழுக்கும் சைவத்துக்கும் உழைத்த பெரியவர்கள். ஒரே மதத்துக்குள்ளேயே இவ்வளவு கருத்து வேறுபாடு இருக்க முடியும் என்றால், வேறு வேறு மதங்களுக்கு இடையே இருப்பதில் என்ன ஆச்சரியம்?

வாதம் ஒரு பக்கம் நடந்தது. அடுப்பும் ஒரு பக்கம் எரிந்துகொண்டே இருந்தது. தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றையும் கற்பிக்கும் பாடசாலைக்கும் அவர் ஏற்பாடு செய்தார். கடைசிக் காலத்தில் மேட்டுக்குப்பம் என்ற ஊரில் தங்கினார். சமயச் சின்னங்களையும் சடங்குகளையும் தாண்டி, இறைவனை அருட்பெருஞ்ஜோதியாகக் காணும்படி அழைத்தார். அவர் இவ்வளவு தூரம் போனதை அன்றும் எல்லாரும் ஏற்கவில்லை, இன்றும் எல்லாரும் ஏற்பதில்லை. அதனால் அவர் போட்ட சோறு யாருக்கும் குறையவில்லை.

1874 சனவரி 30-ஆம் நாள் அங்கே ஓர் அறைக்குள் சென்று கதவை மூடச் சொன்னார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அவர் ஒளியோடு கலந்தார் என்பது அடியார்களின் நம்பிக்கை. அவர் மறைந்து இரண்டே ஆண்டில், 1876-இல், சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. பல இலட்சம் பேர் மாண்டார்கள். அந்தப் பஞ்சம் வந்தபோது வடலூர் அடுப்புக்கு வயது ஒன்பது.

நாம் என்ன செய்யலாம்?

நம் நாட்டில் மனிதர்களுக்கு நடுவே முதலில் எழும் வேலி எது தெரியுமா? சாப்பாடுதான். ஒருவருக்கு ஹலால் வேண்டும், ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், ஒருவர் சைவம். பல்கலைக்கழகத்தில் ஒரே குழுவில் அசைன்மென்ட் செய்யும் நண்பர்கள்கூட மதிய உணவு நேரம் வந்தால் தனித்தனி மேசைக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் அதே சாப்பாடு வேலியைத் தாண்டுவதையும் நாம் பார்க்கிறோம். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் புபுர் லம்புக் கஞ்சியை எல்லாருக்கும் தருகிறார்கள். குருத்துவாராவில் யார் போய் உட்கார்ந்தாலும் ரொட்டி கிடைக்கும். தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் சீன நண்பர்களும் வரிசையில் நிற்கிறார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, எல்லா இனத்து இளைஞர்களும் உதவிக்கு இறங்கினார்கள். குருத்துவாராவில் உணவு சமைத்துப் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். வள்ளலார் சொன்னதை, அவர் பெயரே கேள்விப்படாதவர்களும் செய்தார்கள். பொதுவான அறம் என்றால் இதுதான்.

நம் இயக்கக் கிளைகளும் அன்னதானம் செய்கின்றன. நல்ல விஷயம். ஆனால் சாப்பிடுவது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் நாமேதான்! அடுத்த முறை ஒரு பங்கைக் கோயில் மண்டபத்துக்கு வெளியே கொண்டு போவோம். பக்கத்துக் குடியிருப்பில் தனியாக வாழும் முதியவர், வேலை இழந்த குடும்பம், வெளிநாட்டுத் தொழிலாளி என்று தேடிப் பார்ப்போம். அவர் யார், என்ன மதம் என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும்.

இன்னொன்று. கோயிலில் சமைத்ததை ஒரு முஸ்லிம் நண்பர் சாப்பிடத் தயங்கினால் மனசு வருத்தப்பட வேண்டாம். அது அவருடைய கொள்கை, வள்ளலாருக்கு இருந்ததைப் போல. சமைக்காத அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொடுக்கலாமே! அவர் பசியும் தீரும், அவர் கொள்கையும் காக்கப்படும், நம் அன்பும் போய்ச் சேரும். மற்ற மதத்துக்காரர் நமக்கு நீட்டும் கையையும் இதே மனசோடு பார்க்கப் பழகுவோம்.

எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கும் நாள் வரும்வரை ஒற்றுமைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு நாள் வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. நம் விபூதியை நெற்றியில் நிறைய வைத்துக்கொண்டே, பசித்தவர் பக்கம் தட்டை நகர்த்துவோம். வடலூர் அடுப்புக்குத் தினமும் யாரோ ஒருவர் விறகு வைப்பதால்தான் அது இத்தனை ஆண்டுகளாக எரிகிறது. நம் ஊரில் அந்த விறகை வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.