கடிகாரம் பிரித்த சிறுமி

ஐந்தருவியில் சீசனுக்குப் பழக்கடை போடும் என் அம்மாவுக்கு நான் படிக்கிற படிப்பு புரிந்ததே இல்லை. ஒருநாள் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் கதையைச் சொன்னேன்.

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஏழு வயதில், எப்படி ஓடுதுன்னு பார்க்க வீட்டுக் கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாராம். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித டாக்டர் பட்டம். 1943-ல் கடற்படையில் சேர்ந்து, 1944 முதல் ஹார்வர்டின் மார்க் 1 கணினிக்குப் புரோகிராம் எழுதினார்.

அப்போதெல்லாம் ஏற்கெனவே ஓடிய புரோகிராம் பகுதியை நோட்டைப் பார்த்துக் கையால்தான் எழுதணும். முகவரி எண்களையும் கூட்டி மாற்றணும். ஓர் எண் தப்பினால் எல்லாம் போச்சு! மனிதன் தவறுகிற வேலையை மெஷினே செய்யட்டும் என்று 1952-ல் ஏ-0 கம்பைலரை உருவாக்கினார். அழைப்பு எண் கொடுத்தால், நாடாவிலிருந்து பகுதியை எடுத்து, முகவரியைத் திருத்தி அதுவே சேர்த்துவிடும். முதலில் யாரும் நம்பவில்லை. பின்னாளில், கோபால் மொழிக் கம்பைலர்கள் சரியா என்று சோதிக்கும் புரோகிராம்களையும் கடற்படையில் முன்நின்று செய்வித்தார். 1986-ல் ரியர் அட்மிரலாக ஓய்வு. 1992 ஜனவரி 1-ல் மறைவு.

லேபில் நான் எழுதிய இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் என் மெஷினில் ஓடியது; மற்ற நாலில் ஓடவில்லை. ஃபோல்டர் பாதையை எண்ணாமல் அப்படியே எழுதியிருந்தேன். இன்ஸ்டால் ஆகாமலே ‘முடிந்தது’ என்று வேறு காட்டியது! இப்போது பாதையை அதுவே தேடும். தப்பு வந்தால் அங்கேயே நின்று சொல்லும்.

அம்மா தலையாட்டினாள். நிறுக்கும் முன் வெறுந்தராசைத் தூக்கி முள்ளைப் பார்ப்பது போலத்தானே என்று கேட்டாள். அதேதான் அம்மா!