நாவலர் பெருமானும் அவர் கொண்ட நோக்கும்

ஒருவர் உலகத்தை எக்கண்கொண்டு நோக்குகின்றாரோ அதற்கேற்பவே அவர் செய்கையும் அமையும். இதனை நம் யாழ்ப்பாணத்து மண்ணிலேயே காண விரும்புவோர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரின் வாழ்க்கையை நோக்குவாராக.

1822 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் நல்லூரிலே பிறந்த நாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் ஆக்கியபோது அவருக்குப் பேருதவி புரிந்தவரும் இவரே. கைநிறைந்த சம்பளம், துரைமாரின் மதிப்பு யாவும் இருந்தன. அக்காலத்து இளைஞர் ஒருவர் இதற்குமேல் வேறென்ன வேண்டுவர்?

ஆயினும் நாவலரின் நோக்கு வேறாயிருந்தது. தம் சமயத்தவர் அதனைக் கல்லாமையாலேயே தளர்ந்தனர் என அவர் கண்டார். பிறரைப் பழிப்பதால் அத்தளர்ச்சி தீராது, கற்பித்தலே வழி. ஆகவே மிஷன் உத்தியோகத்தில் இருந்தபடியே 1847 மார்கழி 31 ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கத்தைத் தொடக்கினார். மறுவருடம் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், உத்தியோகத்தையும் விட்டார்.

இங்கே நாம் ஒன்றைக் கருதவேண்டும். பாடசாலை, பிரசங்கம், அச்சுப்புத்தகம் என்னும் மூன்றும் மிஷனரிமார் கையாண்ட கருவிகள். அவை அந்நியருடையவை என்று நாவலர் ஒதுக்கவில்லை. 1849 இல் சதாசிவம்பிள்ளையுடன் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கினார். திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டம் அளித்ததும் அப்பயணத்திலேதான். பண்டிதருக்கே உரியதாயிருந்த பெரியபுராணத்தை 1852 இல் வசனமாக்கி, எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் வாசிக்கச் செய்தார். சந்தி பிரித்து, நிறுத்தக் குறியிட்டு எழுதிய அவ்வசனநடை இல்லையேல் இம்மலர் போன்ற வெளியீடுகளின் தமிழும் வேறாயிருந்திருக்கும்!

1877 ஆம் ஆண்டளவிற் பஞ்சமும் பேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டின. அப்பொழுது நூலாராய்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டுக் கஞ்சித்தொட்டி அமைத்தார் அவர். அரசாங்க ஏசண்டர் துவைனத்தின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தும் எழுதினார்.

அதே நோக்கே அவருக்கு எல்லையுமாயிற்று. சாதியாசாரத்தைச் சமய ஒழுக்கத்தின் கூறாகவே அவர் கொண்டார். அவ்விடத்தில் அவர் உறுதி தளரவேயில்லை. கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சைவர், அவர் திருத்த எண்ணிய குறைகளுள் இடம்பெறவில்லை. அவர் மறைந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின், 1968 இல், மாவிட்டபுரத்து வாயிலில் அவ்வழக்கு எழுந்ததை நம்முள் முதியோர் நினைவில் வைத்திருப்பர். பெரியோரைப் போற்றும் நாம் இதை மறைத்தெழுதுதல் நேர்மையன்று.

இல்லறத்தை நாடாது வாழ்ந்த நாவலர், 1879 இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் நியமனம்பெற முன்னின்று உழைத்தார். அவ்வாண்டு மார்கழி 5 ஆம் திகதி சிவபதமடைந்தார். முப்பது ஆண்டுகளின் முன் அச்சியந்திரம் வாங்க உடன்சென்ற சதாசிவம்பிள்ளையே அவருடைய பணியைப் பொறுப்பேற்று நடத்தினார்.