நூலால் வாழ்வளித்த எலிசா அம்மையார்

தமிழுக்குத் தொண்டு செய்த பிறநாட்டார் யாவர் என்று தேர்வில் கேட்டால், கால்டுவெல் ஐயரின் பெயரை நாம் உடனே எழுதிவிடுவோம். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ஆம் ஆண்டு வெளிவந்தது என்பதும் நமக்கு மனப்பாடம். ஆனால் அவருடைய துணைவியார் எலிசா அம்மையாரைப் பற்றி நம்மில் பலர் ஒரு வரிகூடப் படித்ததில்லை. தையல் வகுப்பில் குரோஷா ஊசியைக் கையில் எடுக்கும் நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

எலிசா 1822ஆம் ஆண்டு நாகர்கோவிலில் பிறந்தார். தந்தை சார்லஸ் மால்ட், தாய் மார்த்தா. இருவரும் லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியர்கள். ஆங்கிலேயக் குடும்பமானாலும், பிறந்து தவழ்ந்த மண் தென்தமிழ் மண். ஆகவே ஊர்ப் பெண்கள் பேசும் தமிழ் அவர் நாவில் இயல்பாகவே அமைந்தது. பிற்காலத்தில் கணவருக்குப் பேச்சுத் தமிழின் நுட்பங்களில் உதவியவரும் அவரே.

நாகர்கோவில் அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே ஏழை மக்களில் பலர் அடிமைகளாக விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வந்தனர். பல சாதிப் பெண்களுக்கு மேலாடை அணியும் உரிமையும் இல்லை. மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, எழுத்தோடு தையலும், ரேந்தை பின்னும் வேலையும் கற்றுக்கொடுத்தார். ‘லேஸ்’ என்று நாம் சொல்வதைத் தென்பகுதியில் ரேந்தை என்பர். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர், ரேந்தை பின்னிக் கிடைத்த கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, விலை கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டனர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அரசாணை வருமுன்பே நூலும் விரலும் சிலருக்கு விடுதலை தந்துவிட்டன! இதையெல்லாம் கண்ணால் கண்டு வளர்ந்தவர் எலிசா.

1844ஆம் ஆண்டு அவருக்கும் ராபர்ட் கால்டுவெல்லுக்கும் திருமணம் நடந்தது. மணமகள் சென்ற ஊர் இடையன்குடி. மதுரையிலிருந்து தெற்கே, திருநெல்வேலியையும் தாண்டி, திசையன்விளைக்கு அருகில் உள்ளது அந்தச் சிற்றூர். எங்கு நோக்கினும் செம்மணல் தேரி, நிழலுக்குப் பனைமரம். ஆண்கள் பனையேறிப் பதநீர் இறக்குவார்கள். பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். பருவம் முடிந்தால் கையில் காசு இராது. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கமும் இல்லை.

எலிசா அம்மையார் அங்கே பெண்களுக்கு விடுதியுடன் கூடிய பள்ளியை நடத்தினார். தாயிடம் கண்டதையே தாமும் செய்தார். படிப்போடு ரேந்தையும் அப்பள்ளியில் இடம் பெற்றது. உருண்டைத் தலையணையின்மேல் சித்திரத் தாளைப் பொருத்தி, கோடுகளின் வழியே குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டால், பூவும் கொடியும் நூலிலேயே உருவாகும். ஒரு விரற்கடை ரேந்தைக்கும் எத்தனையோ முறை கட்டைகளை மாற்ற வேண்டும். அவ்வளவு பொறுமையுடன் பின்னிய ரேந்தை கடல் கடந்து இங்கிலாந்துக்கு விலைக்குச் சென்றது. கூலி இடையன்குடி வீடுகளுக்கு வந்தது. தன் உழைப்பின் காசைத் தானே எண்ணி வாங்கிய பெண்ணுக்கு வீட்டிலும் ஊரிலும் மதிப்பு உயர்ந்திருக்கும் அல்லவா?

இதே காலத்தில் வேறொரு நாட்டிலும் இதைப் போன்ற செயல் நடந்தது. கால்டுவெல் ஐயர் பிறந்த அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. கார்க் நகரின் உர்சுலின் கன்னியரும் வேறு பலரும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா வேலை கற்பித்தனர். ஒரு வீட்டில் ரோஜாப் பூ, மற்றொரு வீட்டில் இலை என்று தனித்தனியே பின்னி, பிறகு வலைப்பின்னலால் இணைத்து விற்றனர். அந்தப் பூக்கள் பல குடும்பங்களின் பசியைத் தீர்த்தன.

நம் தையல் வகுப்பில் பின்னும் சிறு பூக்களும் அந்த வகையைச் சேர்ந்தவையே. 6 சங்கிலி போட்டு வளையமாக இணைத்து, அதற்குள் இதழ் இதழாகப் பின்னுகிறோம். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னினால் இதழ் உயர்ந்து விரிகிறது; சுற்றாமல் பின்னினால் குட்டையாக நிற்கிறது. மெல்லிய பருத்தி நூலில் நம் மதுரை மல்லிகையைப் போல் அடக்கமாக வரும் பூ, கம்பளி நூலில் அதே கணக்குக்குச் செவ்வந்தி போல் பருத்துவிடுகிறது. நமக்கு இது மதிப்பெண். அந்தப் பெண்களுக்கு இது அன்றைய சோறு.

1877இல் கால்டுவெல் ஐயர் ஆயரானார். அதே ஆண்டுகளில் தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இன்பத்திலும் துன்பத்திலும் அம்மையார் அந்த மக்களோடேயே இருந்தார். 1891இல் கணவர் கொடைக்கானலில் காலமானார். 1899இல் அம்மையாரும் இறைவனடி சேர்ந்தார். இருவரும் இடையன்குடி ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்கள் வாழ்ந்த இல்லம் 2011 முதல் அரசு நினைவில்லமாக விளங்குகிறது.

எலிசா அம்மையார் நம் கத்தோலிக்க திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அன்புப் பணிக்கு வேலி ஏது? கணவர் எழுதிய நூலில் அவர் பெயர் நிலைத்து நிற்கிறது. மனைவி கற்பித்த நூல் வேலையிலோ எவர் பெயரும் பொறிக்கப்படவில்லை. பின்னிய பெண்களின் பெயர்களும் நமக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு பெண் கற்றுத் தன் காலில் நிற்க முடியும் என்பதை அந்த வெள்ளை நூல் காட்டிவிட்டது. தோழியரே, தையல் வேலைதானே என்று இனி நாம் ஊசியை அலட்சியமாக எடுக்க மாட்டோம். கற்ற கலையை, அது தேவைப்படும் இன்னொரு பெண்ணுக்கும் கற்றுக்கொடுப்போம். அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றி.