கணிப்பொறிக் கூடத்தைத் திறந்துவிட்டவர்

நிரலாக்க வகுப்பின் முதல் வாரத்தில் திகைத்து நிற்கும் நண்பர்கள் ஜான் கெமனியை அறிந்திருத்தல் நன்று.

1926இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1940இல் நியூயார்க் சேர்ந்தபோது ஆங்கிலம் அவருக்குப் புதிது. மூன்றே ஆண்டில் பள்ளியில் முதலிடம் பெற்றுத் தேறினார்! பின்னர் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளர்.

டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியரான பின் ஒரு குறை அவர் மனத்தை உறுத்தியது. அந்நாளில் அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்துக்கிடக்க வேண்டும். ஓரெழுத்துப் பிழையானாலும் மறுபடி அட்டை, மறுபடி காத்திருப்பு. விஞ்ஞானிகளே சலித்துக்கொண்ட வேலை இது. வரலாறும் இலக்கியமும் பயிலும் மாணவன் அப்பக்கம் எட்டிப் பார்ப்பானா?

தோழர் தாமஸ் கர்ட்ஸுடன் கூடி, தொடக்க மாணவர்க்கென்றே 'பேசிக்' மொழியைப் படைத்தார். பலர் ஒரே வேளையில் ஒரே பொறியைப் பயன்படுத்தவும் வழி செய்தனர். அதற்கான நிரல்களில் பெரும்பகுதியை எழுதியவர்கள் மாணவர்கள். இது நமக்குப் பெருமைதானே! 1964 மே 1, விடியற்காலை 4 மணிக்கு அது இயங்கிற்று. தட்டச்சுப் பொறிமுன் அமர்ந்தவனுக்குத் தன் பிழை உடனே தெரிந்தது, அங்கேயே திருத்தினான். நூலகம்போல் அக்கூடம் எல்லா மாணவர்க்கும் கட்டணமின்றித் திறந்திருந்தது.

1970 முதல் 1981 வரை கெமனி அக்கல்லூரியின் தலைவர். அப்போதும் வகுப்பெடுப்பதை அவர் விடவில்லை. 1992இல் மறைந்தார்.